மணலில் ஆறு விரல்

முதலில் என் கண்ணில் பட்டது சல்லடைதான். பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகள் முடிகிற இடத்தில், மாடிக்குப் போகும் படிக்கட்டின் வாயிலில், ஒரு பெண் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து மணல் சலித்துக்கொண்டிருந்தார். வீட்டில் மாவு சலிக்கிற அதே சல்லடை. கீழே விரித்திருந்த பழைய நாளிதழில் ரவையைவிட மெல்லிய மணல் குவிந்துகொண்டிருந்தது. சலித்ததை அள்ளி மறுபடியும் சலித்தார். காலை வெயில் சுள்ளென்று அடிக்கிற நேரத்தில் கழுத்து முதல் கணுக்கால் வரை கறுப்பு உடை. தோசைப் பொட்டலத்தோடு ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்ன அக்கா, வீடு கட்டுறீங்களா?"

"படம் எடுக்குறேன்," என்றார், நிமிராமல்.

"மணல்லயா?"

"பின்ன, மாவுலயா எடுப்பாங்க? வெளிச்சத்த மறைக்காம அந்தப் பக்கம் நில்லு மா."

அந்த இடத்திலேயே எனக்கு எண்ணம் பிடித்துவிட்டது. இவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும். தோசை ஆறுவதற்குள் தலைப்பு, முதல் காட்சி, பின்னணி இசை, கடைசிக் காட்சி எல்லாம் மனத்தில் ஓடி முடிந்தன. கூடவே இன்னொன்றும் ஓடியது. இந்த அக்கா சொல்வது உண்மையாக இருக்குமா?

அந்தச் சந்தேகத்துக்கு என் தொழில்தான் காரணம். கல்லூரியில் திரைப்படம் படித்துவிட்டு, பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சிறிய நிறுவனத்தில் திருமணக் காணொளிகளைத் தொகுக்கிறேன். மாப்பிள்ளை மெதுவாகத் திரும்பிப் பார்ப்பதை இன்னும் மெதுவாக்குவது என் வேலை. அழுதுகொண்டே தாலி வாங்கிய மணப்பெண்ணுக்கு, வரவேற்பில் அவள் சிரித்த சிரிப்பை எடுத்து ஒட்டியிருக்கிறேன். கோபித்துக்கொண்டு வராமல் போன தாய்மாமனை வேறொரு விசேஷத்திலிருந்து வெட்டிக் கொண்டுவந்து முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறேன். நூல் தெரியாமல் பொய் தைக்கக் கற்றுக்கொண்டவளுக்கு, யார் எதைக் காட்டினாலும் தையல் எங்கே என்றுதான் முதலில் கண் போகும்.

அக்கா எடுக்கிற படத்தில் தையலைத் தேடுவது கடினம். அது ஒரு விசித்திரமான வேலை. மேசையில் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே ஒரு விளக்கு, நேர் மேலே கீழ்நோக்கிப் பார்க்கும் ஒரு கேமரா. கண்ணாடியின்மேல் மணலைப் பரப்பி, விரலாலும் தூரிகையாலும் விலக்கி விலக்கி ஓர் உருவம் செய்வார். மணல் தடித்த இடம் இருட்டு, விலகிய இடம் வெளிச்சம். ஒரு படம் எடுப்பார். அதே மணலைத் துளி நகர்த்தி அடுத்த படம். அடுத்தது பிறக்க வேண்டுமென்றால் முந்தையது அழிய வேண்டும். காகிதத்தில் வரைகிறவர்களுக்குக் கட்டுக்கட்டாகக் காகிதமாவது மிஞ்சும். அக்காவுக்கு வருடக்கணக்கான உழைப்புக்குப் பிறகும் மிஞ்சுவது அதே ஒரு டப்பா மணல். அவர் எதையாவது செய்தார் என்பதற்கு அவர் செய்த படத்தைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

இதை முதல் நாளே கேமரா முன்னால் சொன்னார். சொல்லிவிட்டு, "டைரக்டரம்மா, நல்லாச் சொன்னேனா? இன்னொரு தடவ வேணுமா?" என்று கண்ணடித்தார். அந்தக் கண்ணடிப்பும் என்னிடம் பதிவாகியிருக்கிறது. பல முறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

அக்காவுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடும்பத்தில் வளர்ந்த கத்தோலிக்கர். ஒரு கார்ட்டூன் நிறுவனத்தில் நெடுநாள் இருந்திருக்கிறார். யாரோ வெளிநாட்டுக்காரர் உருவாக்கிய நரி ஓட வேண்டும். ஓட்டத்தின் தொடக்கத்தையும் முடிவையும் அவர்கள் அனுப்புவார்கள். நடுவில் வரும் கால்களையெல்லாம் இவர் வரைய வேண்டும். "வால ஆட்டி ஆட்டியே என் வயசு போச்சு லா," என்பார். அதை விட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, மாடி வீட்டின் ஓர் அறையில் தனியாகப் படம் எடுக்கத் தொடங்கினார். ஒரு மனிதரும் ஒரு சின்னப் பெண்ணும் தண்டவாளத்தைக் கடந்து போகிறார்கள். மொத்தப் படமும் அவ்வளவுதான். கதை என்ன என்று கேட்டால், "கடந்து போறாங்க," என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

எனக்கு எல்லாவற்றையும் படமெடுக்க விட்டார். சமைப்பதை, மணல் சலிப்பதை, பாசாரில் மீன்காரரிடம் வாயாடுவதை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவோடு பாடுவதை. ஒன்றை மட்டும் விடவில்லை. படம் எடுக்கும்போது அறைக் கதவு சாத்தியிருக்கும்.

"நீ உள்ள வந்தா வெளிச்சம் மாறும். மூச்சு விட்டா மணல் நகரும். தும்மினா ஒரு வாரம் போச்சு."

"ஓரமா நிக்கிறேன் அக்கா."

"ஓரம்னு ஒண்ணு அந்த ரூம்ல இல்ல."

நான் தலையாட்டினேன். நம்பவில்லை. ஒரு சமையல்காரர் சமையலறையை மட்டும் காட்ட மாட்டேன் என்றால் யாருக்கும் என்ன தோன்றும்? மூடிய கதவை வெளியிலிருந்து பல கோணங்களில் எடுத்து வைத்தேன். உள்ளே கிளிக் என்ற சத்தம் வரும். நெடுநேரம் ஒன்றும் இருக்காது. மறுபடியும் ஒரு கிளிக். ஒரு பேனா மூடியாலும் அந்தச் சத்தத்தை எழுப்பலாம்.

சந்தேகப்பட்டது நான் மட்டுமில்லை. அக்காவுக்கு ஒரு மாடி கீழே குடியிருக்கும் கீழ்வீட்டு ஆன்டி, அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர், படியில் என்னைக் கண்டாலே கையைப் பிடித்து நிறுத்துவார். "மேல என்ன நடக்குது பிள்ளை? எனக்கொண்டும் விளங்கேல்லை. எல்லா ஜன்னலுக்கும் கறுப்புத் துணி. நல்ல வேலைக்கு ஆராவது ஜன்னலை மூடுவினமோ?" அப்போது செய்தியில் அடிக்கடி வந்துகொண்டிருந்தது, வீட்டைப் பூட்டிவைத்துக் கரெண்டைத் திருடி பிட்காயின் தோண்டுகிறவர்கள் பிடிபடுவது. ஆன்டி அதை முழுவதுமாகப் படித்திருந்தார். "உவளும் அதுதான் தோண்டுறாள், பார்," என்று மெதுவாகச் சொன்னார். நான் சிரித்தேன். அறைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்ததற்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரியாது என்பது படி ஏறும்போதுதான் உறைத்தது.

ஆன்டி புகார் கொடுத்துவிட்டார். ஒரு பிற்பகல், கதவுக்கு வெளியே என் கேமராவை சார்ஜில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, கரெண்ட் ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர் வந்து வாசலில் நின்றார்கள். அக்கா அறையைத் திறந்து தலையை நீட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு பதற்றத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "உள்ள வா. கதவோரம் நில்லு. கண்ணாடிகிட்ட யாரையும் விடாத. பாதில இருக்கு, பாதில இருக்கு," என்று என்னை உள்ளே இழுத்து விட்டுவிட்டு வெளியே ஓடினார்.

அப்படித்தான் முதன்முதலாக அந்த அறைக்குள் நின்றேன். ஏர்கோன் இல்லை, காற்றாடி இல்லை. சட்டை முதுகில் ஒட்டியது. எரிந்தது ஒரே ஒரு விளக்கு, அதுவும் மங்கலாக. வெளியே ஒருவர், "அக்கா, கம்ப்ளைன் வந்திருக்கு லா. உள்ள எத்தன மெஷின் ஓடுது?" என்று கேட்பதும், "ஒரு பல்பு ஓடுது பாஸ், அதுவும் நடக்கத்தான் செய்யுது," என்று அக்கா சொல்வதும் கேட்டது. மீட்டரைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். திரும்பி வந்த அக்கா என்னை வெளியே அனுப்பவில்லை. கதவைத் திறந்து மூடினால் காற்று வரும், பாதி அசைவில் இருக்கிறது என்று சைகை காட்டிவிட்டுக் குனிந்தார். அவர் குனிவார், ஏதோ செய்வார், பின்னால் வந்து தரையில் ஒட்டியிருந்த டேப்பின்மேல் நிற்பார், கிளிக். மறுபடியும் குனிவார். நான் நின்ற இடத்திலிருந்து அவர் முதுகு தெரிந்தது. அவர் விலகியபோது விளக்கு வெளிச்சத்தில் ஒரு மணல் மேடு தெரிந்தது. அது என்ன உருவம் என்று பக்கவாட்டிலிருந்து சொல்ல முடியாது, மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு மட்டும்தான் அது தெரியும். நடுவில் எனக்குத் தும்மல் வந்தது. வாயைப் பொத்தி, உடம்பைக் குறுக்கி அடக்கிக்கொண்டேன். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பொதுவாக அப்படிப் பார்த்த பிறகு ஆட்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை.

அப்போது அது எனக்கு ஒரு நல்ல சம்பவம், அவ்வளவுதான். அது எவ்வளவு முக்கியமான பிற்பகல் என்பது அக்கா படத்தின் ஒரு சிறு துண்டை இணையத்தில் ஏற்றிய பிறகு தெரிந்தது.

வெளிநாட்டில் நடக்கும் ஓர் அனிமேஷன் விழாவுக்கு, முடியும் நிலையிலிருந்த அவர் படம் தேர்வாகியிருந்தது. முன்னோட்டமாக ஒரு துண்டு கேட்டிருந்தார்கள். அக்கா ஏற்றிய துண்டில், இருட்டுக்குள்ளிருந்து ஒரு மனிதரின் கை மெதுவாக இறங்குகிறது. சின்னக் கை ஒன்று மேலே எழும்பி அதைப் பிடிக்கிறது. முழுக் கையையும் பிடிக்கவில்லை, ஓரத்திலிருக்கும் ஒரு விரலை மட்டும். உடனே இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தேன். அதற்கடுத்த நிமிடம் கீழே கருத்துகளைப் படித்தேன். யாரோ விரல்களை எண்ணியிருந்தார். ஆறு. ஒன்றைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "ஏஐ செய்த படம், விரலைக்கூட எண்ணத் தெரியவில்லை," என்று எழுதியிருந்தார். பிறகு அது பற்றிக்கொண்டது. நம் ஊர் ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். "மணலாம், கண்ணாடியாம். எத்தன வருஷமா ஏமாத்துறா?" "ஓசிப் பாராட்டு." "ப்ராம்ட் அனுப்புங்க அக்கா, நாங்களும் செஞ்சுக்கிறோம்."

விழாக்காரர்கள் மரியாதையாகத்தான் எழுதினார்கள். படம் உருவாகும் விதத்தைக் காட்டும் காணொளி ஏதாவது இருந்தால் மாதக் கடைசிக்குள் அனுப்பும்படியும், இல்லையென்றால் திரையிடலை மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும் என்றும். அக்கா அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, "உன்கிட்டதான் எல்லாம் இருக்கே," என்றார்.

என்னிடம் எல்லாம் இருந்தது. மீன் இருந்தது, பாடல் இருந்தது, மூடிய கதவு பல கோணங்களில் இருந்தது. மணலிலிருந்து ஓர் உருவம் எழும் ஒரே ஒரு நொடி இல்லை.

ஆறு விரல் ஏன் என்று கேட்டேன். "அப்பா கை," என்றார். ஒரு விரலை அழித்துவிட்டு மறுபடி எடுத்தால் பேச்சு அடங்கிவிடுமே என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே கிளிக் சத்தம் வரவில்லை.

என்னுடைய நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவருக்காக ஒரு வார்த்தை சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். என்னிடம் இருந்ததோ ஒரு முதுகும் ஒரு மணல் மேடும். சின்ன வயதிலிருந்தே ஒருவர் பேச்சைக் கேட்டு இன்னொருவரிடம் சத்தியம் செய்கிற பழக்கம் எனக்கில்லை. அதனால் அக்காவிடம் சொல்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை கோமுட்டர் ரயில் ஏறி கிள்ளானுக்குப் போனேன். அவருடைய அப்பா அங்கே மகன் வீட்டில் இருப்பதாக நான் எடுத்த ஒரு பேட்டியில் அக்கா சொல்லியிருந்தார்.

கைலியும் சிங்லெட்டுமாக வாசலில் மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தவர், நான் வணக்கம் சொல்வதற்குள், "விரல எண்ண வந்தியா மா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அக்காவிடம் சொல்லாமல் வந்திருந்தேன், ஆனால் சர்ச் பாடகர் குழுவில் ஒருவரிடம்தான் விலாசம் கேட்டிருந்தேன். செய்தி எனக்கு முந்தி ரயிலேறியிருக்கிறது.

"எண்ணு," என்று வலது கையை நீட்டினார். ஐந்து விரல்கள்.

"ஆறாவது எங்க அங்கிள்?"

"கழட்டி வெச்சிட்டேன்," என்று சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். பிறகு சுண்டு விரலுக்கு வெளியே, உள்ளங்கை ஓரத்தில், ஒரு பட்டாணி அளவு தடிப்பைத் தொட்டுக் காட்டினார். ரயில் பட்டறையில் வேலை கிடைத்தபோது கையுறை கொடுத்தார்கள். கையுறையில் ஆறாவது விரலுக்கு இடமில்லை. மடக்கி உள்ளே தள்ளினால் வலி, வெட்டித் திறந்துவிட்டால் பொறி பறந்து சுடும். "யாரும் எடுக்கச் சொல்லல. நானே போய் எடுத்துட்டேன். சோறு போடுற வேலை, விரல் என்ன பெரிசு? நிறைய பேர் அதிர்ஷ்டம்னு சொன்னாங்க. வேலை கிடைச்சதே அதிர்ஷ்டம்தானே லா?"

பழைய போட்டோ இருக்கிறதா என்று கேட்டேன். மகனைக் கூப்பிட்டு ஆல்பம் எடுத்து வரச் சொன்னார். கல்யாணப் படத்தில் வலது கை மணப்பெண்ணின் பூச்செண்டுக்குப் பின்னால். ஞானஸ்நானப் படத்தில் குழந்தைக்கு அடியில். கிறிஸ்துமஸ் படத்தில் பாக்கெட்டுக்குள். தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு படத்தில்கூட அந்தக் கை இல்லை. "வெக்கம் மா," என்றார். "பையன்கள் பள்ளிக்கூடத்துல எண்ணிக் காட்டச் சொல்லுவாங்க. அப்போ ஒளிச்சு வெச்ச கை. இப்பவும் கேமராவப் பாத்தா தானா பின்னால போயிரும்." தொட்டியில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினார். "யாருமே பாக்காத விரல். இவ ஒருத்திதான் பிடிச்சுக்குவா. லைன் தாண்டுறப்ப முழுக் கையக் குடுத்தா வேணாம்னு உதறுவா. அந்தக் குட்டி விரல்தான் அவ கைக்கு அளவு. எடுத்துட்டு வந்த அன்னிக்கு எதப் பிடிக்கிறதுன்னு தெரியாம நின்னா பாரு."

விரலை அழித்துவிட்டால் படம் தப்பிக்கும் என்று சிலர் சொல்வதாக அவரிடம் சொன்னேன். அந்தச் சிலரில் நானும் ஒருத்தி என்று சொல்லவில்லை.

"ஒரு தடவ எடுத்தாச்சு," என்றார். "மறுபடியும் எடுக்கணுமா?"

திரும்பி வரும் ரயிலில் ஜன்னலில் தலைசாய்த்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நினைக்க நினைக்கச் சந்தேகம்தான் வளர்ந்தது. விரல் இருந்த இடத்தில் விரல் இல்லை. இருந்த காலத்துப் படங்களில் கை இல்லை. தடிப்பு எதனாலும் வரலாம். நான் வருவது முன்பே தெரிந்திருக்கிறது. கையுறை, தண்டவாளம், எதைப் பிடிப்பது என்று தெரியாமல் நின்ற பிள்ளை. ஒரு படத்தொகுப்பாளருக்கு அது மிக நல்ல காட்சி. வெட்டவே தேவையில்லாத காட்சி. அப்படி வந்து சேரும் காட்சிகளை நான் நம்புவதில்லை.

மறுநாள் அலுவலகத்தில் மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் அக்காவின் அந்தத் துண்டை என் கணினியில் ஏற்றி ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினேன். நியாயமாகச் சொன்னால், அவரைக் காப்பாற்றுவதற்காக நான் உட்காரவில்லை. தையல் எங்கே என்று தேடத்தான் உட்கார்ந்தேன். இயந்திரம் செய்த படமாக இருந்தால் எங்காவது மணல் மணலாக இல்லாமல் தண்ணீராகக் குழையும். கை இறங்கியது. துகள் துகளாக நகர்ந்தது, குழையவில்லை. பாதியில் வெளிச்சம் லேசாக நடுங்கியது. மாட்டிக்கொண்டார் என்று நாற்காலியில் நிமிர்ந்தேன். போனில் பார்க்கும்போது தெரியாத நடுக்கம். சில பிரேம்களுக்கு மட்டும், இருட்டான மூலையில், ஏதோ ஒரு நிறம் வந்து உட்கார்ந்திருந்தது. நிறத்தைக் கூட்டினேன். மஞ்சள். இன்னும் கூட்டினேன். மஞ்சளின் குறுக்கே, சாய்வாக, ஒரு கறுப்புக் கோடு.

என் கேமரா பையின் வார் கறுப்பு. தோளிலிருந்து இடுப்புக்குச் சாய்வாகத்தான் அதைப் போட்டிருப்பேன். கரெண்ட் ஆபீஸ் ஆட்கள் வந்த அன்று நான் போட்டிருந்தது மஞ்சள் சட்டை.

அடுத்த பிரேம், அடுத்த பிரேம் என்று நகர்த்தினேன். மஞ்சள் அப்படியே இருந்தது. ஓர் இடத்தில் மட்டும் திடீரென்று குறுகிக் கீழே இறங்கி, அடுத்த பிரேமில் மறுபடி மேலே வந்தது. அது என் தும்மல். கதவோரம் நின்று நான் வாயைப் பொத்தி அடக்கிய அதே தும்மல், பிம்பமாகக் கண்ணாடியில் விழுந்து, அந்த மனிதரின் ஆறாவது விரலுக்குப் பக்கத்தில் நின்றது. ஓரம் என்று ஒன்று அந்த அறையில் இல்லை என்று அவர் சொன்னது பேச்சுக்காகச் சொன்னது இல்லை.

அன்று மாலையே பிரிக்பீல்ட்ஸ் போனேன். அக்கா படிக்கட்டு வாயிலில் அதே நாற்காலியில் மணல் சலித்துக்கொண்டிருந்தார். மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். பார்க்காமலேயே, "மஞ்சப் பேய்தானே?" என்றார்.

"தெரியுமா?"

"அன்னிக்கு ஓட்டிப் பாத்தப்பவே தெரியும். நடுவுல ஒரு பேய் நிக்குது. அது தும்மவும் செய்யுது."

"அப்பவே சொல்லியிருந்தா இத்தன பேச்சு வந்திருக்குமா?"

"சொல்லியிருந்தா என்ன சொல்லுவ? நானே பூசி ஒட்டிட்டேன்னு சொல்லுவ. உன்னத் தெரியாதா எனக்கு? என் அப்பா விரல எண்ணிட்டு வந்தவ தானே நீ."

அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் என் வாய் சும்மா இருக்கவில்லை. "உங்ககிட்ட வேற எவ்வளவோ துண்டு இருக்கு. எல்லாம் சுத்தமா இருக்கு. கெட்டுப்போனத ஏன் வெளிய விட்டீங்க?"

சல்லடை ஒரு கணம் நின்றது. "கை அதுலதான் நல்லா வந்துச்சு," என்றார். மறுபடியும் சலிக்கத் தொடங்கினார்.

இன்றுவரை அந்தப் பதிலை நான் முழுதாக நம்பவில்லை. கண்ணாடியில் தன் பிம்பம் விழாமலிருக்க வருடக்கணக்காகக் கறுப்பு மட்டுமே உடுத்தும் ஒருவர், நான் விழுந்த துண்டைத் தேடி எடுத்து ஊருக்குக் காட்டினார் என்றால், அதில் ஏதோ ஒரு கணக்கு இருக்க வேண்டும். என்னைச் சாட்சியாக உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டாரா? நானாகக் கண்டுபிடிக்கிறேனா என்று பார்த்தாரா? கேட்டால் கண்ணடிப்பார், அந்தக் கண்ணடிப்புக்கு என்ன பொருள் என்று நான் இன்னும் பல முறை ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

"இத அனுப்பிடலாம் அக்கா. இதவிட என்ன வேணும்?"

"யாருக்கு இது புரியும்? உன் தும்மல் உனக்குத்தான் தெரியும். வெளியாளுக்கு அது ஒரு மஞ்சக் கறை. நீ வந்து சாட்சி சொன்னா உன்னையும் ஏஐனுவாங்க." அவரே சிரித்தார். "அதோட பேய் இருக்கிற ஷாட்டு என் படத்துல போகாது. பேய் போகணும். விரல் இருக்கும்."

அதில்தான் இப்போது வந்து நிற்கிறோம். வருகிற சனிக்கிழமை, கை இறங்கும் அந்தக் காட்சியை அக்கா முதலிலிருந்து மறுபடி எடுக்கப் போகிறார், கதவை எனக்குத் திறந்துவிட்டு. என் கேமராவைக் கறுப்புத் துணியில் சுற்றி, லென்ஸ் மட்டும் தெரிகிற மாதிரி உட்கார வைக்க வேண்டும். வெறும் கண்ணாடியில் தொடங்கி, கை முழுதாகி, அந்தச் சின்னக் கை வந்து பிடிக்கும்வரை எங்கேயும் நிறுத்தாமல், வெட்டாமல் எடுக்க வேண்டும். அதைத்தான் விழாவுக்கு அனுப்பப் போகிறோம். நம்புவார்களா, தெரியாது. நானாக இருந்தால் எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன். மஞ்சள் பேய் இருக்கும் துண்டை அக்கா எனக்குக் கொடுத்துவிட்டார். "உன் படத்துல வெச்சுக்க. அதுல பேய் இருக்கலாம்."

அக்காவின் அப்பாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். முதல் பிரேம் தொடங்குமுன் அவர் கை கண்ணாடியின்மேல், விளக்கு வெளிச்சத்தில், அந்தத் தடிப்பு தெரியும்படி இருக்க வேண்டும் என்று போனில் கேட்டேன். "கறுப்புச் சட்டை இல்ல மா. சர்ச்சுக்குப் போடுற கறுப்புக் கோட் இருக்கு, பரவாயில்லயா?" என்றார். கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா சல்லடையை என் மடியில் வைத்துவிட்டு விளக்கைப் பார்க்க மேலே போயிருக்கிறார். சனிக்கிழமைக்கு மணல் போதாதாம். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சலித்துக்கொண்டிருக்கிறேன். பழகிக்கொள்ளட்டும் என்று என்னையும் இன்றே கறுப்புச் சட்டை போடச் சொல்லியிருந்தார். வியர்க்கிறது. தூசி மூக்கில் ஏறுகிறது. சாமான் பையோடு வந்த கீழ்வீட்டு ஆன்டி என்னைக் கண்டதும் நின்றுவிட்டார். மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன பிள்ளை, நீயும் தொடங்கியிட்டியோ?"

"சனிக்கிழமை படம் எடுக்குறோம் ஆன்டி."

"மணலிலோ?"

"பின்ன, மாவுலயா எடுப்பாங்க?"

ஆன்டி நம்பவில்லை. படியேறும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு சல்லடையை ஆட்டினேன். சனிக்கிழமை ஒரு தும்மல்கூட வரக்கூடாது.